தேசிக்காயின் மேல் இறங்கியவன்

லொறியில் ஏறி இறங்குவது எப்படி என்று பன்னிரண்டு சாரதிமாருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் நடந்த நாள்வரைக்கும் நான் எந்த லொறியிலும் ஏறியதில்லை. (இதை இப்போது சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், லொறியும் போய்ச் சேர்ந்துவிட்டது.)

அறுபதுகளின் கடைசி. திருகோணமலையில், கப்பலில் வரும் மூட்டைகளைத் துறைமுகத்திலிருந்து களஞ்சியங்களுக்கு ஏற்றும் ஒரு கொம்பனியில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். வயது இருபத்தைந்து, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். சைக்கிளில் ஏறுவதற்கே மதகுக் கட்டுத் தேடுகிற ஆள். பதவிக்கு முன்னால் ‘தற்காலிக’ என்றொரு சொல் ஒன்றரை வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லால் எனக்கு ஒரு கலியாணம் தடைப்பட்டு நின்றது. பக்கத்து ஊரான சல்லியில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு என்னைப் பிடித்துப் போயிற்று (அவள் இன்றைக்கும் இதை மறுக்கிறாள், எழுதுகிறவன் நானென்பதால் இது நிற்கட்டும்). பெண்ணின் தகப்பனுக்குத்தான் அந்தச் சொல்லைப் பிடிக்கவில்லை. நிரந்தரமாக்கிய கடிதம் வந்த பிறகு நாள் பார்ப்போம் என்று பக்குவமாகச் சொல்லி, தேத்தண்ணியும் தந்து அனுப்பிவிட்டார்.

எங்கள் சாரதிமாரில் ஒருவர்கூட லொறியிலிருந்து இறங்கமாட்டார்கள். குதிப்பார்கள். கதவைத் திறப்பது, இடுப்பில் கட்டிய சாரத்தை ஒரு கையால் கொஞ்சம் உயர்த்துவது, வெளியே பார்த்தபடி பொத்தென்று விழுவது. லொறியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குகிறவனை ‘வயித்துப்பிள்ளைக்காரி’ என்பார்கள். இறங்குதுறையின் சீமெந்துத் தரையிலோ மூட்டைகளிலிருந்து சிந்திய கோதுமை பரவிக் கிடக்கும். அதன்மேல் குதித்தால் கால் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். அந்த மாதத்தில் மட்டும் மூன்று பேருக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. மூன்றாவது கால், எங்கள் தலைமைச் சாரதி, கிண்ணியா ஊர் மீரா காக்காவின் கால். (முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் அழைப்போம்.)

அடுத்த வாரம் பெரிய கப்பல் ஒன்று வர இருந்தது. முதலாளி கந்தோர் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். ஆளில்லாத லொறிகளைக் கப்பலுக்கு முன்னால் நிறுத்தி, தான் பூப் போடுகிறதா என்று என்னைக் கேட்டார். என் கண் மேசையில் கிடந்த ஒரு கடதாசியில் இருந்தது.

கொழும்பிலிருந்து முதல்நாள்தான் புது லொறி ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதற்கு முந்திய லொறிகளைவிட உயரம். கதவுக்குக் கீழே ஒன்றல்ல, இரண்டு படிகள். அதனோடு வந்த கடதாசிகளில் ஒன்று, இந்த வாகனத்தில் ஆபத்தில்லாமல் ஏறி இறங்குவது எப்படி என்று ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கியது. கட்டளைகள் நான்கு. எந்த நேரமும் மூன்று பிடி இருக்கவேண்டும், அதாவது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் லொறியைப் பிடித்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் லொறியைப் பார்த்திருக்க வேண்டும். கையில் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. இறங்குமுன் நிலத்தைப் பார்க்கவேண்டும், குதிக்கவே கூடாது.

படித்ததும் எனக்குச் சல்லி தெரிந்தது. ‘தற்காலிக’ என்ற சொல்லை உரிக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்று முடிவெடுத்தேன். நான் ஒரு முடிவெடுத்தால் அதிலிருந்து இறங்கமாட்டேன். (இறங்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.)

முதலாளி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைச் சொல்லிக் குடுத்தா அவங்கள் குதிக்காம விடுவாங்களோ?”

“ஓம் ஐயா. நானே ஏறி இறங்கிக் காட்டுறன்.”

“நீ லொறியில ஏறியிருக்கிறியோ?”

“லொறிக் கொம்பனியிலதானே ஐயா வேலை செய்யிறன்.”

அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். கணக்குத் தீர்த்த மாதிரிச் சொன்னார்: “சரி. கப்பல் போகுமட்டும் ஒரு காலும் சுளுக்காட்டி நீ நிரந்தரம். இன்னொரு கால் சுளுக்கிச்சோ, இந்தக் கடதாசியையும் எடுத்துக்கொண்டு வீட்ட போ.”

சாரதிமாரைக் கூட்டி நான்கு கட்டளைகளையும் தமிழில் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மீரா காக்கா எண்ணெய்த் துணி சுற்றிய காலை ஒரு மூட்டையின் மேல் நீட்டியபடி, வலு மரியாதையாகக் கேட்டார்.

“தம்பி, நான் பதினெட்டு வருசமா ஏறுறன். எத்தின பிடி பிடிக்கிறன் எண்டு எண்ணிப் பாத்ததில்ல. நீங்க ஏறிக் காட்டுங்க, எண்ணிப் பாப்பம்.”

வெள்ளிக்கிழமை காலை புது லொறிக்குப் பூசை. பூசை முடிந்ததும், காக்காமார் பள்ளிவாசலுக்குப் போகுமுன், பாடம் என்று தீர்மானமாயிற்று.

எனக்கு மூன்று நாள் இருந்தது. லொறி முற்றத்தில் ஆட்கள் முன்னால் பழக முடியாது. எங்கள் வீட்டில் லொறிக்கு மிக நெருங்கிய சாமான் அம்மாவின் அலுமாரி. இரண்டு கதவு, தட்டுகள், உயரம். கீழ்த் தட்டு முதற்படி, நடுத் தட்டு இரண்டாம் படி, மேல் தட்டு சாரதியின் இருக்கை. படத்தைப் பார்த்துப் பாடமாக்கினேன்: இடது, வலது, இடது, இரு. இடதுகால் கீழ்ப்படியில், வலதுகால் மேற்படியில், இடதுகால் உள்ளே, பிறகு இருக்கையில் அமர்வது. அப்படி ஏறினால்தான் உடம்பு தானாகச் சுக்கானின் பக்கம் திரும்பும். (நாங்கள் ஸ்டீரிங்கைச் சுக்கான் என்றுதான் சொல்வோம். துறைமுகத்து ஆட்கள்.)

முதல்நாள் அம்மா அறைக்குள் வந்தபோது நான் அவவின் கூறைச்சேலை அடுக்கின் மேல் குந்தியிருந்தேன்.

“என்ன தேடுறாய்?” என்றா.

“ஒண்டும் தேடேல்ல அம்மா. லொறி ஓடுறன்.”

அம்மா அறைக் கதவை மெல்லச் சாத்தினா. பிறகு குசினிக்குப் போய், சல்லிக்காரர் கெதியில ஒரு முடிவு சொன்னால் நல்லது என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது. மூன்றாம் நாள் மாலை அலுமாரி முன்பக்கம் சாய்ந்து, நானும் அதுவும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது விழவில்லை. நானும் விழவில்லை. நான் தயார் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வந்தது. லொறியின் முன்பக்கத்தில் இரண்டு வாழைக்குட்டிகள், கண்ணாடியில் திருநீற்றுக் குறி, கதவுப் பிடியில் சந்தனம், நான்கு சில்லுகளுக்குக் கீழும் நசுக்குவதற்கு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய். ஊரில் திரிகிற மான் ஒன்று வந்து வாழைக்குட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது, யாரும் அதைத் துரத்தவில்லை. முதலாளி பட்டுச் சால்வையோடு நின்றார். பக்கத்தில் முதலாளியம்மா. கொம்பனியில் முதலாளி சொன்னால் மறுபேச்சு உண்டு, முதலாளியம்மா சொன்னால் இல்லை. சாரதிமார் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள், மூன்று பேர் நொண்டியபடி.

நான் காற்சட்டையோடு வர நினைத்திருந்தேன். பூசைக்குக் காற்சட்டையா என்று அம்மா வேட்டியைக் கட்டவைத்துவிட்டா. அந்தக் கடதாசியை எழுதிய வெள்ளைக்காரனுக்கு உலகத்தில் வேட்டி என்றொரு சாமான் இருப்பது தெரியாது. எதற்கும் இருக்கட்டுமென்று உள்ளே அரைக்காற்சட்டை ஒன்றைப் போட்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தினார். பூசை முடியட்டும், பிறகு ஏறுவேன் என்று நான் ஒதுங்கி நிற்க, முதலாளியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. தம்பி எப்படியும் ஏறத்தானே போகிறார், முதல் ஆளாக ஏறிப் பிள்ளையார் படத்தையும் உள்ளே வைத்துவிடட்டும் என்றா. கண்ணாடி போட்ட படம், ஒரு முழ உயரம். என் கையில் தந்துவிட்டா.

கையில் சாமான் கூடாது என்பது மூன்றாம் கட்டளை. ஆனால் பிள்ளையாரைச் சாமான் என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. மீரா காக்கா அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலை மெல்ல உயர்த்திக் காட்டினார். பிடி ஒன்று குறைந்துவிட்டது என்று கணக்கு.

ஒரு கையில் படத்தோடு மறு கையால் பிடியைப் பற்றினேன். சந்தனம் வழுக்கியது. பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இடது, வலது, இடது, இரு. இடதுகாலைத் தூக்கினேன்.

“தம்பி,” என்றா முதலாளியம்மா. “வலது கால்.”

முற்றம் முழுவதும் ஆமோதித்தது. ஐயர் தலையசைத்தார். மீரா காக்காவும், தங்கள் ஆட்களும் புதுச் சாமானுக்கு வலது கால்தான் என்று ஒரு சாட்சி சொல்லிவைத்தார். தூக்கிய இடதுகாலை இறக்கி வலதுகாலை வைத்தேன். அந்த ஒரு நொடியில் மூன்று நாள் அலுமாரிப் பாடம் முழுவதும் தலைகீழாயிற்று. வலதுகால் கீழ்ப்படி, இடதுகால் மேற்படி, வலதுகால் உள்ளே. இடதுகாலும் பின்னால் வந்து சேர்ந்தபோது என் முகமும் இருக்கையின் முதுகும் நேருக்கு நேர் நின்றன. என் பின்பக்கம் சுக்கானுக்கு.

சுக்கானின் நடுவில் இருந்தது ஹோர்ன்.

புது லொறியின் ஹோர்ன் அப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விலக முயன்று முன்னால் நகர்ந்தால் படம் இடித்தது, பின்னால் நகர்ந்தால் ஹோர்ன் இன்னும் உரத்தது. மான் வாழைக்குட்டியோடு ஓடிவிட்டது. உள்துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று பதிலுக்கு ஊதியதாக இன்றைக்கும் சொல்கிறார்கள். (அது பொய். ஆனால் நானும் அப்படியே சொல்லி வருகிறேன்.)

இனிப் படத்தை வைக்கவேண்டும். வைக்கும் இடம் கண்ணாடிக்குக் கீழே, என் முதுகுக்குப் பின்னால். பிள்ளையாருக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி அவரை எப்படி வைப்பது? ஒரேயொரு வழிதான் தெரிந்தது. படத்தோடு இறங்கி, மீண்டும் முறையாக ஏறுவது. கீழே நிற்கிறவர்களுக்கு மூன்று பிடி என்றால் என்னவென்று ஒருமுறையாவது காட்டாமல் விடுவதில்லை என்ற வைராக்கியம் இன்னும் கழன்றுவிடவில்லை.

முகத்தை லொறிக்குக் காட்டி இறங்கத்தான் திரும்பினேன். அப்போதுதான் கண்டேன், கதவுக்கு நேர் கீழே ஐயர் எரிகிற கற்பூரத் தட்டோடு நின்றார். பக்கத்தில் முதலாளியும் முதலாளியம்மாவும் கைகூப்பி நின்றார்கள். கட்டளைப்படி இறங்குவதென்றால் கற்பூரத்துக்கும் என் நிரந்தரத்துக்கும் சேர்த்து முதுகைக் காட்டவேண்டும், அதுவும் முதுகின் கீழ்ப்பகுதியை, அவர்களுடைய முகத்துக்கு நேரே. எங்கள் ஊரில் பிறந்த ஒருவனால் அது ஏலாது. நான் வெளிப்பக்கம் திரும்பினேன். இரண்டு கையாலும் படத்தை நெஞ்சோடு அணைத்து, எல்லாருக்கும் முகம் காட்டி, மேடையிலிருந்து இறங்குகிற மணமகன் மாதிரி முதற்காலை எடுத்து வைத்தேன்.

பிடி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வேட்டியின் தலைப்பு மட்டும் கதவுக் கண்ணாடியைச் சுற்றுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. நான் இறங்கினேன், வேட்டி இறங்கவில்லை. அது என்னைவிட்டுக் கழன்று மேலேயே நிற்க, நான் அரைக்காற்சட்டையோடு காற்றில் போனேன். நிலத்தைப் பார்க்கவேண்டும் என்ற நான்காம் கட்டளை ஞாபகம் வந்தபோது நிலம் வந்துவிட்டது. நிலம் என்றும் சொல்ல ஏலாது. முன்சில்லுக்குக் கீழே வைத்திருந்த தேசிக்காய் சற்று வெளியே உருண்டு கிடந்தது. என் இடதுகால் சரியாக அதன்மேல் இறங்கியது.

விழுந்தேன். விழும்போதும் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். முதலாளியம்மா ஓடிவந்து படத்தை வாங்கிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தா.

“படத்துக்கு ஒண்டும் இல்ல,” என்றா நிம்மதியாக.

என் கணுக்கால் எல்லார் கண் முன்னாலும் பப்பாளிப் பழமாகிக்கொண்டிருந்தது. முதலாளி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இன்னொரு கால் சுளுக்கினால் என்று சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. வேட்டி இன்னும் லொறியில் கொடி மாதிரித் தொங்கியது. சல்லி எனக்கு வெகுதூரமாகத் தெரிந்தது.

மீரா காக்கா நொண்டி நொண்டி வந்து, வேட்டியைக் கழற்றி என் மடியில் போட்டார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

“முதலாளி, கால் போனா லொறி நிக்கும் எண்டுதானே நீங்க பயந்தது. இவர்ட காலால எந்த லொறி நிக்கும்?”

முதலாளி வரிசையில் நின்ற சாரதிமாரின் கால்களைப் பார்த்தார்.

“கடதாசியில இருக்கிறது முழுக்கச் சரி,” என்றார் காக்கா. “நாலையும் விட்டார், நாலுக்கும் வாங்கினார். இதுக்கு மேல எப்படிக் காட்டுறது?”

கப்பல் போகட்டும், பார்ப்போம் என்று முதலாளி சால்வையை உதறிக்கொண்டு போனார். அது மன்னிப்பில்லை, தவணைதான்.

கப்பல் வந்தது. சாமான் இறக்க ஒன்பது நாள் என்றார்கள். வீட்டில் கிடந்து குணமாக்கும்படி எல்லாரும் சொன்னார்கள். என் கலியாணம் பன்னிரண்டு பேருடைய இருபத்துநாலு கால்களில் தொங்கும்போது நான் எப்படி வீட்டில் கிடப்பது? கட்டுப் போட்ட காலோடு ஒரு கதிரையைத் தூக்குவித்து, லொறிகள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரில் போடச் சொல்லி, காலை ஒரு மூட்டையில் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து மாலைவரை. கண் கதவுகளிலேயே. சாரதி ஒருவர் கதவைத் திறப்பார், வழக்கம்போலச் சாரத்தைத் தூக்குவார், எதிரில் என்னையும் என் காலையும் காண்பார், பெருமூச்சு விட்டுத் திரும்பி, மூன்று பிடியில் இறங்குவார். மறந்துபோய் யாராவது குதிக்கத் தயாரானால் மற்ற லொறிகள் எல்லாம் ஒன்றாக ஹோர்ன் அடித்தன. என் ஞாபகார்த்தமாக மீரா காக்கா செய்த ஏற்பாடு அது. வயித்துப்பிள்ளைக்காரி என்ற பட்டத்தை அவர்கள் தாங்குவார்கள், ‘கிளாக்கர்’ என்ற பட்டத்தைத் தாங்க ஒருவரும் தயாரில்லை.

வலது கால் பிரச்சினையையும் மீரா காக்காதான் தீர்த்தார். புது லொறியை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்கையில், வலதுகாலால் கீழ்ப்படியை ஒருமுறை தட்டினார், இறக்கினார், பிறகு இடதுகாலிலிருந்து ஏறினார். மரியாதைக்கு மரியாதை, வேலைக்கு வேலை. எல்லாரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் கடைசி நடை. அவ்வளவு நாளும் ஒரு கால்கூடச் சுளுக்கவில்லை. மீரா காக்காவின் லொறி வந்து நின்றது. களைப்பில் மனிதன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டார். கதவு திறந்தது, முகம் வெளியே பார்த்தது, ஒரு கால் காற்றுக்கு வந்துவிட்டது. கீழே கோதுமை பளபளவென்று கிடந்தது. ஹோர்ன் அடிக்க வேறு லொறியும் அங்கே இல்லை. நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றேன், சுளுக்கிய காலில்.

அவர் என்னைக் கண்டார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது. முதுகு திரும்பியது. இரண்டு கை, ஒரு கால். இரண்டு கால், ஒரு கை. தரைக்கு வந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“பதினெட்டு வருசத்தில ஒருத்தருக்கும் முதுகு காட்டினதில்ல. உங்கட கலியாணத்துக்காகக் காட்டுறன், தம்பி. சாப்பாடு நல்லா இருக்கோணும்.”

கடிதம் அடுத்த நாள் வந்தது. கலியாணம் மூன்று மாதத்தில் நடந்தது. மீரா காக்கா இரண்டுமுறை சாப்பிட்டார். சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் புல்மோட்டையிலிருந்து மணல் ஏற்றிவந்த ஓர் இளம் சாரதி, எங்கள் கொம்பனி எங்கே இருந்ததென்றே தெரியாதவன், வலதுகாலால் படியைத் தட்டிவிட்டு இடதுகாலால் ஏறுவதைக் கண்டேன். ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன். எல்லாரும் தட்டுகிறார்கள், தட்டாவிட்டால் கிளாக்கருக்கு நடந்த மாதிரி நடக்குமாம் என்றான். எந்தக் கிளாக்கர் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் மேசையில் ஏறி மின்குமிழ் மாற்றினால், பேருந்தில் ஏறினால், கட்டிலிலிருந்து எழும்பினால்கூட, யாராவது ஒருவர் வாயால் ஹோர்ன் அடிக்காமல் விடுவதில்லை. தேசிக்காய் பிழியும்போதெல்லாம் என் மனைவி என்னை ஒருமுறை பார்ப்பாள்.

மூத்தவனின் கலியாணத்தன்று மணமக்களை வீட்டுக்கு அழைத்துவந்தோம். வாசலில் ஆலாத்தி எடுத்தார்கள். என் மனைவி புது மருமகளிடம், “வலது காலை எடுத்து வச்சு வாங்கோ பிள்ளை” என்றாள். சொன்னவுடனேயே வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

மருமகள் உடனே கால் வைக்கவில்லை. கையிலிருந்த பூச்செண்டைப் பின்னால் நின்ற என் மகனிடம் கொடுத்தாள். குனிந்து நிலத்தைப் பார்த்தாள். வலது கையால் ஒரு பக்கக் கதவு நிலையையும் இடது கையால் மறு நிலையையும் இறுக்கிப் பிடித்தாள். அதன் பிறகுதான் வலதுகாலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“மூண்டு பிடி, மாமா,” என்றாள். “சரியோ?”